நோன்பு வீட்டுக் கோழி ஈரல்

"அண்ணி, என் கழுத்து போச்சு. இனிமே வானத்தைப் பாத்துக்கிட்டேதான் நடக்கணும். ஏற்கெனவே எனக்குப் பொண்ணு கிடைக்கல."

"கீழ பாருடா. நமக்கு வேண்டியது கீழதான் இருக்கு" என்றாள் ஸோர்கா.

லாஸா குனிந்து பார்த்தான். ஊசியிலை மரங்களின் அடியில் பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு கறை இல்லை, ஒரு இறகு இல்லை.

"ஒண்ணுமே இல்லையே அண்ணி."

"அதைத்தான் பார்க்கச் சொன்னேன்."

செர்பியாவின் வடக்குச் சமவெளியில் உள்ள பெலா பாராவில் டிசம்பர் மாதத்துப் பனி அவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது. ஊர்ச் சதுக்கத்து மரங்களில் குளிர்காலந்தோறும் நூற்றுக்கு மேல் ஆந்தைகள் வந்து தங்கும். கிளைக்கு ஐந்தாறாக உட்கார்ந்து பகலெல்லாம் தூங்கும். பொழுது சாய்ந்ததும் வயலுக்குப் போய் எலி பிடிக்கும். விடிவதற்குள் திரும்பிவிடும். ஊர்க்காரர்கள் வெயிலடிக்கும் நாளிலும் குடை பிடித்துக்கொண்டு அந்த மரத்தடியில் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். மேலேயிருந்து எது விழும், எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

நான்கு நாட்களாக எதுவும் விழவில்லை. ஒரு சாயங்காலம் வயலுக்குப் பறந்த ஆந்தைகள் அதன் பிறகு சதுக்கத்துக்குத் திரும்பவே இல்லை.

ஸோர்கா சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்தாள். எல்லையில் சுங்கச் சோதனை அதிகாரியாக இருபது வருடம் ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சலித்துப்போய், தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். குட்டையான உருவம், பருத்த கம்பளிக் கோட்டு, எதிராளி பொய் சொன்னால் இன்னும் கனிவாகிவிடும் கண்கள். லாஸா அவள் கணவனின் தம்பி. கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்துப் பிழைக்கப் பார்த்தான். மூன்றாவது கல்யாணத்தில் மாப்பிள்ளையே எழுந்து வந்து நிறுத்தச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அண்ணிக்குக் கார் ஓட்டுகிறான், துப்பும் துலக்குகிறான். சம்பளத்தைவிடச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறது.

அவர்களை வரவழைத்த தாரிங்கா எதிரில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். உயிரியல் ஆசிரியை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது, கண்கள் குளிரினால் மட்டும் சிவந்த மாதிரி இல்லை.

"நாளைக் காலையில பன்னெண்டு பேர் வராங்க, அக்கா. அவங்க நாட்டுல கிறிஸ்துமஸ் முடிஞ்சு லீவு. ஆந்தை பாக்கறதுக்குன்னே காசு கட்டி வராங்க. அந்தக் காசுலதான் என் ஆந்தை வகுப்பு ஓடுது."

"அது என்ன வகுப்பு?"

"ஒரு வேன் வெச்சிருக்கேன். கிராமம் கிராமமா பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஆந்தை கக்கிப்போட்ட உருண்டையைப் பிள்ளைங்க கையில கொடுத்து உடைக்கச் சொல்வேன். உள்ள எலியோட எலும்பு முழுசா இருக்கும். அதை அடுக்கி எலியாக்கறதுக்குள்ள அவங்க மூஞ்சியப் பாக்கணுமே! ஆந்தை கத்தினா வீட்டுல சாவு விழும்னு கல்லெறிஞ்சவங்க பிள்ளைங்கதான் எல்லாரும். இப்போ அவங்க வீட்டு மரத்துல ஆந்தை உக்காந்தா எனக்கு போன் பண்ணிப் பெருமையடிக்குதுங்க." அவள் குரல் இறங்கியது. "வர்றவங்க ஆந்தையைப் பாக்காம திரும்பிப் போனா, ஆளனுப்பற கம்பெனி அடுத்த வருஷம் வேற ஊரைப் பாத்துக்கும். வேனை வித்துட வேண்டியதுதான்."

"ஊர்ல யாருக்கு ஆந்தை பிடிக்காது?"

"அதோ, காபிக்கடைக்காரர். அவர் நாற்காலியெல்லாம் எச்சமாகுதுன்னு வருஷா வருஷம் கத்துவார். துப்பாக்கி எடுப்பேன்னுகூட சொன்னார்."

லாஸா கையைத் தேய்த்துக்கொண்டான். "ஆள் சிக்கிட்டான். நான் போய் ரெண்டு காபி குடிச்சே விசாரிக்கறேன்."

"அவர் காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?" என்று ஸோர்கா கேட்டாள்.

"கடையைத் திறக்கவே பத்தாகும், அக்கா."

"அப்ப அவர் இல்ல. பகல்ல யாராவது துரத்தியிருந்தா நூறு ஆந்தை ஒண்ணா எழும்பறதை ஊரே பாத்திருக்கும். இதுங்க வழக்கம்போலப் பொழுது சாய்ஞ்சு வேட்டைக்குப் போயிருக்கு. திரும்பி வரத்தான் பயந்திருக்கு. அந்தப் பயம் விடியறதுக்கு முன்னால, அவர் தூங்கற நேரத்துல வந்திருக்கு." விதைத் தோலைக் காகிதப் பொட்டலத்தில் துப்பினாள். "உன் வீட்டுல எப்படி?"

தாரிங்கா சட்டென்று காலணியைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் சரக்குப் படகுல வேலை. டான்யூபுல எங்கேயோ இருக்கார். வீட்டுல நானும் அத்தையும்தான். அத்தை பேர் பெர்சா. சர்ச்சுல மெழுகுவத்தி விக்கறாங்க. நாங்க பேசிக்கறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"எங்க குலப் புனிதர் திருநாள்லேர்ந்து. வீடு நிறைய விருந்தாளி. பாதிரியார் ரொட்டியை வெட்டறதுக்குக் கத்திய எடுக்கறார், எனக்கு போன் வருது. ஆந்தை பாக்க வர்ற ஒரு கூட்டம் ஒரு நாள் முன்னாடியே சதுக்கத்துல வந்து நிக்குதுன்னு. நான் ஓடிட்டேன்."

அந்தத் திருநாளின் புனிதமான சடங்கே ரொட்டி வெட்டுவதுதான். லாஸா நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "ரொட்டி வெட்டறப்பவா? நானா இருந்தா திரும்ப உங்களை உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்."

"அத்தை விட்டாங்க. எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல ஆந்தைப் பேச்சு இருக்கணும்னு."

லாஸா அண்ணியைப் பார்த்தான். அண்ணி வானத்தைப் பார்த்தாள்.

"ஆனா அவங்க செய்ய மாட்டாங்க" என்றாள் தாரிங்கா அவசரமாக. "சண்டை போடுவாங்க. மூணு நாள் பட்டினி போடுவாங்க, அவங்களையேதான். பொய் மட்டும் சொல்லத் தெரியாது."

"லாஸா, நீ போய் ஏதாவது சாப்பிட்டு வா" என்றாள் ஸோர்கா. "கூட்டமில்லாத கடையாப் பாத்துப் போ. சும்மா இருக்கற கடைக்காரன்தான் நல்லாப் பேசுவான்."

அண்ணி இப்படிச் சொன்னால் அது கட்டளை. இப்படிப்பட்ட கட்டளைகளை லாஸா ஒரு நாளும் மீறியதில்லை.

செர்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதிதான், அதற்கு முன்னால் நாற்பது நாள் கறி கிடையாது. இந்த நோன்புக் காலத்தில் கூட்டமில்லாத கடை எது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஊரே ஒரு மாதமாகப் பீன்ஸும் மீனும் தின்றுகொண்டிருந்தது. கறிக்கடைத் தோஷா பளபளவென்று தேய்த்த கத்திகளுக்கு நடுவே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். லாஸாவைப் பார்த்ததும் தொலைந்துபோன மகன் திரும்பி வந்ததுபோல எழுந்தார்.

"வா தம்பி! வெளியூரா? நோன்பு இல்லையே?"

"எங்க வீட்டுல அண்ணன் எனக்கும் சேத்து நோன்பு இருக்கான். பொரிச்ச கொழுப்பு கொஞ்சம் கொடுங்க. வியாபாரம் எப்படி?"

"ஈ ஓட்டிட்டிருக்கேன். இந்தக் குளிர்ல ஈயும் இல்ல." தோஷா தாராளமாக அள்ளிப் போட்டார். "தினமும் ஒரே ஒருத்தர்தான் வராங்க. அதுவும் பின் வாசல் வழியா."

"அப்படி யாரு?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்." தோஷா சத்தியத்தைக் காப்பாற்றுபவர்போல வாயை மூடினார். இரண்டு நொடி. "ஆனா ஒண்ணு சொல்றேன். சர்ச்சுல மெழுகுவத்தி எடுத்துக் கொடுக்கற கை தம்பி அது! இந்த ஊர்ல அவங்களை மாதிரி நோன்பு இருக்க ஆள் கிடையாது. எண்ணெய்கூட தொடாத ஜென்மம். வந்து, தலைய குனிஞ்சுக்கிட்டு, கோழி ஈரல் கால் கிலோன்னாங்க. என் கையிலேர்ந்து கத்தி விழுந்துடுச்சு."

லாஸாவின் வாயில் கொழுப்பு கரைவதை நிறுத்தியது.

"அப்புறம்?"

"மறுநாள் வந்தாங்க. ஈரல் வேண்டாம், சரிப்படலன்னாங்க. காடையோ புறாவோ முழுசா கொடு, சுத்தம் பண்ணாத, இறகு இருக்கணும், எலும்பு இருக்கணும்னாங்க. முப்பது வருஷமா கறி வெட்டறேன். இறகோட கேட்ட மொத ஆள் அவங்கதான். தினம் ஒரு புறா." குரலைத் தாழ்த்தினார். "பாவம். வயசாச்சு. புருஷன் போய்ட்டார், பிள்ளை தண்ணி மேல, மருமக பறவை பின்னாடி. புத்தி கொஞ்சம் தடுமாறிடுச்சு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். அவங்க மூஞ்சியப் பாத்து யாரு கேக்கறது?"

லாஸா சதுக்கத்துக்கு ஓடியே வந்தான்.

"அண்ணி! கேஸ் முடிஞ்சு போச்சு! மாமியாரேதான்! கறி காட்டி ஆந்தைங்களைப் பிடிச்சு வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க!"

கறிக்கடைக் கதை முழுவதையும் மூச்சு வாங்கக் கொட்டினான். தாரிங்காவின் முகம் வெளுத்தது. ஸோர்கா விதை கொறிப்பதை நிறுத்தவில்லை.

"நூறு ஆந்தைக்கு ஒரு புறாவா? உனக்கே ரெண்டு வேணுமேடா."

லாஸாவின் உற்சாகம் பஞ்சர் ஆனது.

"தாரிங்கா, உங்க வீடு எது?"

"அதோ, மரத்துக்கு நேர் எதிர. மஞ்சள் சுவர்."

"பரணுக்கு ஒரு மரக்கதவு இருக்கே, அது எப்பவும் திறந்தே இருக்குமா?"

தாரிங்கா திரும்பிப் பார்த்தாள். கூரைக்குக் கீழே இருந்த சிறிய கதவு அரையடி அளவுக்குத் திறந்து கிடந்தது.

"இருக்காதே! அத்தைக்குக் குறுக்குக் காத்துன்னா பேய் மாதிரி. போன கோடையில சர்ச்சுல எதிரும் புதிருமா ரெண்டு கதவு திறந்திருந்ததுன்னு, பூசை நடுவுல எழுந்து போய் ஒண்ணைச் சாத்தினாங்க. பாதிரியார் வாயைத் திறந்தபடி நின்னார். பஸ்ல ஜன்னலைத் திறக்கறவனுக்குச் சாபமே விடுவாங்க."

"அப்படிப்பட்டவங்க டிசம்பர்ல பரண் கதவைத் திறந்து போட்டிருக்காங்க" என்றாள் ஸோர்கா. "வாடா லாஸா. தாரிங்கா, நீ வெளிய நில்லு. கூப்பிட்டா வா."

கதவைத் திறந்த பெர்சா நெடுநெடுவென்று உயரம். தலையிலிருந்து கால் வரை கறுப்பு. வெளியூர் ஆட்கள், மருமகள் வரவழைத்தவர்கள் என்று தெரிந்திருந்தும், விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடவில்லை. ஆளுக்கு ஒரு ஸ்பூன் செர்ரிப் பாகு, ஒரு தம்ளர் தண்ணீர், பிறகு காபி. லாஸா இரண்டாவது ஸ்பூன் பாகுக்குக் கை நீட்டியபோது, அதை நகர்த்தி வைத்தாள்.

"ஒரு ஸ்பூன்தான் வழக்கம்."

"எங்க ஊர்ல..."

"உங்க ஊர்லயும் ஒரு ஸ்பூன்தான்."

லாஸா கையை மடக்கிக்கொண்டான். நேர்மையான பெண்மணி. அவனுக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் அவளுடைய புறங்கையில் குறுக்கும் நெடுக்குமாக இருந்த கீறல்களைப் பார்த்ததும் மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

ஸோர்காவும் பார்த்துவிட்டாள். "கையில என்னம்மா?"

"பூனை."

"பூனை எங்க?"

"ஓடிப்போச்சு."

பொய் சொல்லத் தெரியாது என்று மருமகள் சொன்னது எவ்வளவு உண்மை! இரண்டு வார்த்தைப் பொய்க்கே அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஸோர்காவின் கண்கள் வெண்ணெயாகக் கனிந்தன.

"அப்ப தோஷா கடையில வாங்கற புறா யாருக்கு?"

 மூலையில் புனிதர் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெர்சா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, தண்டனையைக் கேட்டு வாங்குகிறவள்போல எழுந்து நின்றாள்.

"எனக்குத்தான். நான்தான் தின்னேன். நோன்பை முறிச்சேன். போதுமா? போய் ஊரெல்லாம் சொல்லு."

"இறகோடவா?" என்றாள் ஸோர்கா.

பெர்சாவின் வாய் திறந்தது.  அவளுக்குப் பதிலாக வேறு யாரோ பேசினார்கள்.

"ஊ... ஹூ."

வெளியே பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் தலைக்கு மேலேயிருந்து வந்தது. ஆழமான, வெறும் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். லாஸாவின் காபி அவன் மடியில் கவிழ்ந்தது.

"அண்ணி, அது என்னோட வயிறு இல்ல."

"தெரியும். உன் வயிறு இவ்வளவு மரியாதையாப் பேசாது." ஸோர்கா எழுந்தாள். "பெர்சாம்மா, ஏணி எங்க?"

பரண் வாசலில் தலையை நீட்டிய லாஸா, நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டான். சோளக்கதிர்க் குவியலுக்கு நடுவே, பழைய தொட்டிலின் விளிம்பில், ஒரு கைக்குழந்தை அளவுக்கு ஒரு கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்தது. இரண்டு ஆரஞ்சுக் கண்கள். தலையில் இரண்டு கொம்புபோல நிமிர்ந்த இறகுகள். ஒரு இறக்கை உடம்போடு சேர்த்துக் கறுப்புத் துணியால் கட்டப்பட்டிருந்தது. கட்டுக்குள்ளிருந்து ஒரு மரக்கரண்டியின் காம்பு எட்டிப் பார்த்தது.

"கல்லறைத் தோட்டத்துலேர்ந்து வரும்போது பாத்தேன்" என்றாள் பெர்சா ஏணிக்குக் கீழேயிருந்து. "வேலிக் கம்பியில மாட்டித் தொங்கிட்டிருந்துச்சு. சால்வைல சுத்தி எடுத்துட்டு வந்தேன். சாகட்டும்னு விட்டுட்டு வர முடியுமா?"

"மருமகதான் ஆந்தைப் பண்டிதியாச்சே. அவகிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றான் லாஸா.

"எந்த வாயால சொல்றது? நானா ஆந்தையான்னு நாப்பது பேர் முன்னாடி கேட்ட வாயாலயா?"

லாஸா மறுபடி பரணுக்குள் தலையை நீட்டினான். 

"இறகோட கொடுக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஸோர்கா கேட்டாள்.

"அவ வகுப்பு எடுக்கறதுக்கு முன்னால அடுப்படியில நின்னு சத்தம் போட்டுப் பேசிப் பாப்பா. நடுவுல ஒரு சுவர்தானே. இறகும் எலும்பும் சேந்து உள்ள போனாத்தான் ஆந்தை உருண்டை கக்கும், வயிறு சுத்தமாகும்னு சொல்லுவா. ஈரலைத் தின்னுட்டு இது சோர்ந்து உக்காந்துது. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கறா."

மூவரும் பரணுக்குள் ஏறினார்கள். ஸோர்கா பரண் கதவு வழியாக வெளியே பார்த்தாள். இருபது அடி தூரத்தில் சதுக்கத்து மரங்கள் காலியாக நின்றன.

"பெர்சாம்மா, இந்தப் பெரிய கொம்பன் அந்தச் சின்ன ஆந்தைங்களைப் பிடிச்சுத் திங்கும். தெரியுமா?"

பெர்சாவின் கை வாயைப் பொத்தியது. "அந்தப் பாடத்தை அவ அடுப்படியில சொல்லலையே!"

"அந்தியிலேர்ந்து விடியற வரைக்கும் இது இங்கேயிருந்து குரல் கொடுக்குது. விடியக்காலம் திரும்பி வர்ற ஆந்தைங்களுக்கு அது காதுல விழுந்தா எப்படி உக்காரும்? ஊர்ல எல்லாரும் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கிட்டு டிவி பாக்கறாங்க. கேட்டவங்களும் யார் வீட்டுக் கொதிகலனோன்னு விட்டிருப்பாங்க. தாரிங்காவோ ராவெல்லாம் வீட்டுல இல்லாம வெளிய ஆந்தை தேடி அலையறா. கதவை ஏன் திறந்து வெச்சீங்க?"

"அது வானத்தைப் பாக்கணும்ல. இருட்டுல வெச்சா ஏங்கிப் போயிடும்." பெர்சா சால்வையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டாள். "எனக்குத்தான் ரெண்டு நாளா கழுத்து வலி."

ஸோர்கா பரண் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டாள். தாரிங்கா படியேறி, ஏணியேறி வந்தாள். ஆந்தையைப் பார்த்தாள். ஏணி உச்சியில் அப்படியே நின்றுவிட்டாள். பெர்சா அவள் பக்கம் திரும்பாமல், லாஸாவைப் பார்த்துப் பேசினாள்.

"அவகிட்ட சொல்லு தம்பி, இடது இறக்கை. வேற எங்கயும் அடி இல்ல."

"இடது இறக்கையாம்" என்றான் லாஸா.

தாரிங்கா மெல்ல அருகில் போய் மண்டியிட்டாள். விரல் நுனியால் கட்டைத் தடவிப் பார்த்தாள். "யார் கட்டினாங்கன்னு கேளுங்க."

"யார் கட்டினாங்கன்னு..."

"எனக்குக் காது கேக்கும். நாப்பது வருஷம் வாத்து வளத்த கைன்னு சொல்லு."

"வாத்துக் கையாம்."

"எலும்பு நேரா உக்காந்திருக்குன்னு சொல்லுங்க. டாக்டர் கட்டினாக்கூட இப்படித்தான் கட்டியிருப்பார்னு சொல்லுங்க."

"அண்ணி, இதுக்குத் தனியா சம்பளம் உண்டா?" என்றான் லாஸா.

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. தாரிங்காவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகையா என்று லாஸா பதறினான். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நேராக மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊரே உங்களை நோன்பு முறிச்சவங்கன்னு பேசுது, அத்தை. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"பேசட்டும். அதுங்க பேசினா எனக்குப் பசிக்கவா போகுது?" பெர்சா முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்தாள். "உன் கூட்டம் நாளைக்கு வருதாமே."

"வருது. காட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. இதை இன்னிக்கே நகரத்துப் பறவை ஆஸ்பத்திரியில சேத்தாலும், பயந்து போன ஆந்தைங்க ஒரு ராத்திரியில திரும்பி வராது. எங்க போச்சுன்னே தெரியல."

"தெரியலையா?" பெர்சாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "கல்லறைத் தோட்டத்துல இருக்கே! பின்பக்கத்து மரம் பூரா அதுங்கதான். உன் மாமனார் கல்லு முழுக்க எச்சம். தினம் வெந்நி கொண்டுபோய்த் துடைக்கறேன்."



"ஏன் அத்தை சொல்லல?"

"நீ கேட்டியா?"

நான்கு நாளாகச் சதுக்கம், வயல், ரயில் நிலையம் என்று அலைந்த தாரிங்கா சோளக்கதிர்க் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பனியில் அந்தத் தோட்டத்தின் பின்பக்கம் வரை நடந்துபோக ஊரில் ஒரே ஒரு விதவைக்குத்தான் மனசிருந்தது. அவளோடுதான் வீட்டில் பேச்சு இல்லை.

மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தாரிங்கா தலையை ஆட்டினாள். "முடியாது. செத்தவங்க தூங்கற இடத்துக்கு கேமராவோட ஆட்களைக் கூட்டிட்டுப் போனா ஊர் என்னை உயிரோட விடாது. அது நியாயமும்தான். வேனை வித்துடறேன்."

"வேடிக்கை பாக்கக் கூட்டிட்டுப் போனாத்தான் தப்பு" என்றாள் பெர்சா. "என் வீட்டுக்காரர் கல்லுக்கு விருந்தாளியா வரட்டும். நான் கோதுமை வேக வெக்கறேன், நோன்பு ரொட்டி சுடறேன். பிளம் சாராயம் ஒரு பாட்டில் அவர் காலத்துதே இருக்கு. அவர் ஆத்மாவுக்குன்னு ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தா, வந்தவங்க யாரா இருந்தாலும் நம்ம வீட்டு ஆளு. எந்தப் பாதிரியார் கேக்கறார்னு பாப்போம்." ஏணியில் இறங்கத் தொடங்கியவள் நின்றாள். "மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் மேல பாக்கணும். முன்னாடியே சொல்லி வை."

அன்று மாலை நகரம் வரைக்கும் லாஸா காரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பின் சீட்டில் ஒரு முட்டைக் கூடை, கூடைக்குள் கொம்பன், பக்கத்தில் தாரிங்கா.

"அண்ணி, அது என் தலையையே பாக்குது."

"எலும்பும் மயிரும் சேந்து கிடைக்கும்னு பாக்குது. ரோட்டைப் பாத்து ஓட்டு."

மறுநாள் காலை வெயில் வந்தது. கல்லறைத் தோட்டத்தின் பின்வரிசையில் பன்னிரண்டு அயல்நாட்டவர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தியோடு தங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு விவசாயியின், பெர்சாவுடைய கணவரின், கல்லைச் சுற்றி நின்றார்கள். பெர்சா ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்பூன் கோதுமை, ஒரு துண்டு ரொட்டி, ஒரு மடக்கு சாராயம் கொடுத்தாள். சாராயம் உள்ளே இறங்கியதும் இரண்டு பேர் இருமினார்கள். லாஸா இரண்டாவது முறையும் வரிசையில் நின்றான். இங்கே அவனை யாரும் தடுக்கவில்லை.

"இப்ப மேல பாக்கலாம்" என்றாள் பெர்சா.

பார்த்தார்கள். முதலில் கிளைகள்தான் தெரிந்தன. பிறகு ஒரு கிளை கண்ணைத் திறந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மரம் முழுவதும், அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று காதுபோல நீண்ட இறகுகளை நிமிர்த்திக்கொண்டு நூறு ஆந்தைகள் தூக்கக் கலக்கத்தோடு கீழே குனிந்து மனிதர்களைப் பார்த்தன. கேமராவைத் தூக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தை அழைத்து வந்த இளைஞன் தாரிங்காவின் காதில், அடுத்த குளிர்காலத்துக்கு இரண்டு கூட்டமாக வரலாமா என்று கிசுகிசுத்தான். அவள் சரியென்று தலையாட்டினாள். 

சுவரோரம் நின்று விதை கொறித்துக்கொண்டிருந்த ஸோர்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான் லாஸா. "குற்றவாளிய விட்டுட்டோம் அண்ணி. நம்ம தொழிலுக்கே இழுக்கு."

"சும்மா இருடா. அங்க பாரு."

வெள்ளைத் தலை டச்சுக்காரி ஒருத்தி பெர்சாவின் கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பெர்சா மருமகளைப் பார்த்தாள்.

"என்ன கேக்கறாங்க?"

"நீங்க எவ்வளவு காலமா ஆந்தைகளோட வேலை செய்யறீங்கன்னு கேக்கறாங்க, அத்தை." தாரிங்கா தயங்கினாள். "ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டுமா?"

 மேலே ஒரு ஆந்தை இறகை உதறியது. கழுவி வைத்த கல்லின் மேல் சொத்தென்று ஒன்று விழுந்தது. பெர்சா சால்வையின் நுனியால் அதைத் துடைத்தாள்.

"மருமக எங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்துன்னு சொல்லு."

தாரிங்கா டச்சுக்காரியின் பக்கம் திரும்பினாள். மூன்று மொழி பேசுகிறவள், அந்த ஒரு வரியை மொழிபெயர்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.